பனி ரோட்டை மூடும் ஊர்

டிச. 9

காலையிலிருந்து நசநசவென்று தூறல். எதிர் மேடு தெரியவில்லை. நாளை மகள் மலரும் ஹிமாச்சல்காரர்களும் வருகிறார்கள்.

அவள் அங்கே நர்ஸாகி மூன்று வருடம். கூட வேலை பார்க்கும் பையனைப் பிடித்திருக்கிறதாம். அவனுக்கு லீவு இல்லை. அப்பா, அம்மா மட்டும் வருகிறார்கள். அவர்கள் சரி சொல்லியாயிற்று. பாக்கி என் பதில்தான். பூம்பாறையில் பிறந்த பெண்ணை மூன்று நாள் பயணத் தூரத்துக்குக் கொடுப்பதா? நான் படித்த எட்டாம் வகுப்புவரை இந்தப் பாடம் வரவில்லை.

செய்யவேண்டியது:
கம்பளி (கூடுதலாக 3)
பாத்ரூம் தாழ்ப்பாள்
நாட்டுக்கோழி
வீட்டில் பூண்டு வாடை

கடைசி வேலையை இன்றே முடித்தேன். அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய விதைப்பூண்டு முழுவதையும் இறக்கி, தார்ப்பாயில் சுற்றி, ஆட்டுக்கொட்டகையில்.

மனைவி ராஜாத்தி: "அதுக்குப் புகை வேணுங்க. ஈரம் பட்டா மொளச்சுப் போகும்."

"ஆப்பிள் மணக்கிற வீட்லருந்து வாராங்க. நாலு நாளு அங்க கெடக்கட்டும்."

டிச. 10

வந்துவிட்டார்கள். சம்பந்தி என்று எழுத இன்னும் கை வரவில்லை. 'ச.' போதும். என் வயது, என்னைவிட ஒல்லி (இந்த ஊரில் எல்லாருமே என்னைவிட ஒல்லி). வட்டத் தொப்பி. அவருக்கு ஹிந்தி, எனக்குத் தமிழ், நடுவில் மலர்.

எங்கள் டிசம்பர் குளிரைப் பற்றிப் பெரிதாக எச்சரித்து, ஆளுக்கு மூன்று கம்பளி கொடுத்தேன்.

டிச. 11

கம்பளி ஆறும் மடித்தபடியே இருந்தன. ச. சன்னலைத் திறந்து வைத்துத் தூங்கியிருக்கிறார். நான் குல்லாவோடு போய்க் காப்பி கொடுத்தேன்.

ஜீப் பிடித்து மலையைக் காட்டக் கூட்டிப்போனேன். கொடைக்கானல் போய் டிக்கெட் எடுத்து நின்றால், கம்பிக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. ஒரு மணி நேரம். "அங்க பெரிய பாறை இருக்குன்னு சொல்லும்மா. நெசமாவே இருக்கு." ச. அந்த வெள்ளையை மரியாதையாகப் பார்த்தார். அவர் மனைவி போட்டோ எடுத்தார்.

மலர்: "அங்க சன்னலத் தொறந்தாலே பனிமலைப்பா. டிக்கெட்டு கெடயாது."

வீட்டுக்குத் திரும்பியதும் மேகம் விலகியது. வேண்டுமென்றே செய்கிறது.

டிச. 12

வெள்ளனே எழுந்தேன். ச.வைக் காணோம். கொட்டகையில் இருந்தார். தார்ப்பாயைப் பிரித்துவிட்டார். அடிக்கட்டுகள் ஈரம், சிலவற்றில் பச்சை முளை. மலரைக் கூப்பிட்டு விசாரித்தார். அவளும் உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர் நிறைய நேரம் பேசினார்.

"என்னம்மா சொல்றாரு?"

"பனி வர்றதுக்கு முன்னாடி அவங்க வீட்டு எறவாணம் முழுக்க மக்காச்சோளம் தொங்குமாம். நீங்க வந்தா அத எங்க ஒளிச்சு வைக்கிறதுன்னு கேக்குறாரு."

ராஜாத்தி சிரித்த சிரிப்பு அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும்.

மதியம்வரை நானும் அவரும் நல்லதைப் பிரித்துத் திரும்பக் கட்டித் தொங்கவிட்டோம். அவர் முடிச்சு வேறு மாதிரி, என்னுடையதைவிட இறுக்கம். சாயந்தரம் படிக்கட்டு வயலில் களை. அங்கேயும் படிக்கட்டு வயல்தானாம், ஆனால் வருடத்துக்கு ஒரே விளைச்சல். குளிர்காலம் முழுக்க மரம் தூங்கும், ஆளும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். இங்கே பூண்டு, காரட், பீன்ஸ். மண்ணுக்கும் லீவு இல்லை, எனக்கும் இல்லை. இங்கே காரட்டைக் காட்டெருமை தின்னும். அங்கே ஆப்பிளைக் கரடி தின்னும். இந்த ஒன்றில் அவர் ஜெயித்தார்.

டிச. 13

வெயில். இன்று கிளம்புகிறார்கள். மூன்று நாளாக வாயில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"பனி விழுந்தா ரோடு அடைக்கும்னு மலர் சொல்லியிருக்கா. புள்ளத்தாச்சியா இருக்கும்போது அடைச்சா என்ன செய்வீங்க? அப்படியே கேளும்மா."

மலர் தயங்கினாள். கேட்டாள்.

'எல்லாம் பார்த்துக்கொள்வோம்' என்று ச. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ரோடு அடைக்கும், சில வருடம் ரொம்ப நாள் அடைக்கும் என்றார். தலைப்பிரசவத்துக்கு அவர் மனைவியைக் கட்டிலோடு நாலு பேர் தோளில் தூக்கி இறங்கினார்களாம், குழந்தை தங்கவில்லையாம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்தப் பெண்ணும் மாசமாக இருக்கும்போது பனிக்காலத்தில் மேலே இருப்பதில்லை. கார்த்திகையிலேயே கீழே, தங்கை வீட்டுக்கு. ஆஸ்பத்திரி பக்கத்துத் தெரு. மலர் சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ராஜாத்தி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது.

ஜீப் வந்துவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார்.

"சித்திரையில நாங்க அங்க வர்றதுக்கு ரோடு தொறந்திருக்குமான்னு கேளும்மா" என்றேன்.

மலர் கேட்கவில்லை. துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

ராஜாத்தி: "அப்பா கேக்கச் சொன்னாருல்ல. வெரசா கேளுடி, வண்டி நிக்கிதுல்ல."