மூக்கோரத்து மரு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான் தலைக்கேறிக் கிடக்கிறது.

எல்லாம் தம்பி செய்த வேலை. வரைவதற்கு உன் படம் கேட்டால், போனிலேயே உனக்கு வெள்ளையடித்து, சுருக்கத்தையெல்லாம் துடைத்து அனுப்பியிருக்கிறான். மூக்கோரத்து மருவைக்கூட விட்டுவைக்கவில்லை. நான் ஒரு வருடமாக வீடியோ பார்த்துப் பழகியதே சுருக்கத்துக்கு நிழல் போடத்தான்! மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்ததை, கூடத் தங்கியிருக்கும் வெல்டர் அண்ணன் பார்த்துவிட்டு, "யாருடா இது, உன் தங்கச்சியா?" என்று கேட்டார். சுக்குநூறாகக் கிழித்துப் போட்டேன். அந்த வேகத்தில் பென்சில் சீவும் பிளேடு விரலில் பட்டுவிட்டது. லேசான கீறல்தான், பயப்படாதே.

அவன் படமே வேண்டாமென்று மனதிலிருந்து வரைய உட்கார்ந்தேன். நெற்றி வந்தது, கண் வந்தது. மருவுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

அவன் காதைத் திருகி, உன்னை உள்ளபடி ஒரு படம் எடுக்கச் சொல். இன்றைக்கே அனுப்பட்டும். வேலைக்குப் போகும் வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது.

அந்த மரு இடப்பக்கமா, வலப்பக்கமா அம்மா? அதை மறந்துபோன என் காதை யார் திருகுவது?

உன் பெரியவன்