கியேகியேயின் முடிச்சு

மார்ச் 9, ஞாயிறு
சர்ச்சுக்குப் போகவில்லை. தலைவலி என்று மருமகள் பிசிலாவிடம் சொன்னேன். பொய். வலது கை முதுகுப் பக்கம் போகவே மாட்டேன் என்கிறது. உடுப்புக்கு மேல் இடுப்பைச் சுற்றிக் கட்டும் ஓலைப்பின்னல் கச்சை, அந்தக் கியேகியேயைப் பின்னால் முடிச்சுப் போட முடியவில்லை. எங்கள் ஊர்ப் பெண் அது கட்டாமல் எந்த முகத்தோடு சர்ச்சில் உட்காருவது? மருமகளைக் கூப்பிட்டுக் கட்டிவிடச் சொல்வதா? நானா?
மே மாதம் பேத்தி லூப்பே முதல் தடவையாகச் சபை முன்னால் வசனம் சொல்லப் போகிறாள். அறுபது வரி. அஞ்சாம் கிளாஸ் படித்த நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அன்றைக்கு மட்டும் போகாமல் இருக்க மாட்டேன்.

மார்ச் 12
எண்ணெய் தேய்க்கிற சியுதிதி வந்தாள். "பல்லைக் கடிச்சுக்கோக்கா" என்று கையைப் பிடித்து ஒரே இழுப்பு. ஐயோ, உயிரே போச்சு. இப்போ அந்தப் பக்கம் படுக்கக்கூட முடியல.

மார்ச் 23, ஞாயிறு
இன்றோடு மூன்று ஞாயிறு சர்ச்சுக்குப் போகவில்லை. எனக்கும் பாதிரியாருக்கும் சண்டை என்று ஊரெல்லாம் பேச்சாம். பாவம், ஒரு கூடைக் கிழங்கோடு அவரே வந்துவிட்டார். "நான் என்ன தப்பு செஞ்சேன், சொல்லுங்கம்மா."
வெட்கமாகப் போய்விட்டது. அவர் போனதும் பிசிலா, "கையைக் காட்டுங்க அத்தை" என்றாள். அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

மார்ச் 25
கிளினிக் நர்ஸ் என் முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, முன்கையை வெளியே திருப்பிப் பார்த்தாள். நான் திருப்பினாலும் அவள் திருப்பினாலும் அதே இடத்தில் நிற்கிறது.
"தோள்மூட்டோட உறை இறுகிப்போச்சு பாட்டி. சர்க்கரைக்காரங்களுக்கு நிறைய வரும். மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"
நான் சுவரைப் பார்த்தேன்.
"சரியாகும். ஒரு வருஷம்கூட ஆகலாம். யாரும் பிடிச்சு இழுக்கக் கூடாது."
ஒரு வருஷமா!

ஏப்ரல் 14
நர்ஸ் சொல்லிக்கொடுத்த மாதிரி மேஜையில் இடது கையை ஊன்றி, வலது கையைத் தொங்கவிட்டு ஆட்டினேன். பிறகு சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையை மேலே ஏற்றினேன். எட்டிய இடத்தில் பிசிலா கரியால் கோடு போட்டாள். நேற்றைய கோடுதான்.

மே 3
பின்பக்கம் இன்னும் போகவில்லை. நாளைக்கு லூப்பே வசனம் சொல்கிற நாள். என்ன செய்வேன்?

மே 4, ஞாயிறு
கியேகியேயை எடுத்துக்கொண்டு பிசிலா முன்னால் போய் நின்றேன்.
"திரும்புங்க அத்தை" என்றாள். கட்டினாள். "இறுக்கமா இருக்கா?"
"இன்னும் இறுக்கு. நான் என்ன கிழவியா?"
சர்ச்சில் லூப்பே அறுபது வரியையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். என்னைப் பார்த்த பிறகுதான் பாதிரியாருக்கு மூச்சு வந்தது.

டிசம்பர் 14, ஞாயிறு
கை பின்னால் போயிற்று. நானே முடிச்சுப் போட்டேன். கண்ணாடியில் பார்த்தேன், நேராகத்தான் இருந்தது.
அவிழ்த்தேன்.
"பிசிலா, கொஞ்சம் வாயேன்" என்றேன்.