சோப்பு சுற்றிய கடிதம்

இன்று காலை கடையின் பின்கட்டை ஒழித்தபோது சோப்பு வார்க்கும் மரப்பெட்டி கிடைத்தது. இத்தனை வருஷம் கழித்தும் அதன் மூலையில் எண்ணெய்க் காறலும் சாம்பல் காரமும் கலந்த வாடை அப்படியே இருக்கிறது. முகர்ந்ததும் இரண்டு தும்மல். "தவுக்கேம்மா, உன் சோப்பு அழுக்க எடுக்குதோ இல்லியோ, சளிய எடுக்குது" என்று, முதலாளியம்மா பட்டம் கட்டிச் சொல்வாயே, அது காதில் விழுந்தது. கதவைப் பாதி சாத்திவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உன் அடக்கத்துக்கு நான் வரவில்லை. மாதா கோயில் வாசல்வரை வந்தேன். உன்னைப் பெட்டிக்குள் பார்க்கத் தைரியம் இல்லை. சரக்கு லாரி வருகிறது என்று உன் மகளிடம் பொய் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். ஒரு மாதமாக இது நெஞ்சில் கிடக்கிறது.

ஏன் இதை மேலேயே போட்டேன் என்று உனக்குத் தெரியும். நீ சொல்லிக்கொடுத்த முறைதானே.

மலாயாவில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் சிகாமட் பாசாரில், அந்தச் சந்தையில், நான் சோப்பும் வெற்றிலையும் மரவள்ளி மாவும் விற்றேன். பக்கத்தில் நீ தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு கோணிச் சாக்கில் சட்டை தைத்தாய். ஒன்றுமில்லாமல் வந்து சொந்தமாகக் கடை போட்டவள் என்ற கொழுப்பு எனக்கு நிறைய இருந்தது. என் கணக்கு தப்பாது என்று நினைத்திருந்தேன். ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டிக்கொண்டிருந்த என் தம்பி முத்து ஒருநாள் வந்து நின்றான்.

"சயாமுக்கு ஆள் எடுக்கிறாங்கக்கா. ரயில் பாதை வேலையாம். மூணே மாசமாம். போகவா?"

சரக்கை எடைபோடுவதுபோல அரை நிமிஷம் யோசித்தேன். "இங்க வேலையும் இல்ல, அரிசியும் இல்ல. அங்க சோறாவது போடுவான். போய்ட்டு வா" என்றேன்.

மூன்று மாதம் போய் எட்டு மாதம் ஆனது. தப்பி வந்த ஒருவன், அங்கே காய்ச்சலிலும் காலராவிலும் ஆட்கள் சாய்வதைச் சொன்னான். அன்று முதல் என் கை நடுங்கத் தொடங்கியது. தராசைப் பிடிக்க முடியவில்லை. கஞ்சி தொண்டையில் இறங்கவில்லை. காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. தாயில்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள் நான். அவனை அனுப்பியவளும் நான்தான் என்று எந்த வாயால் சொல்வேன்?

நீ கவனித்தாய், கேட்கவில்லை. ஒரு மத்தியானம் மெஷினை நிறுத்திவிட்டு ஒரு பென்சில் துண்டை நீட்டினாய்.

"தம்பிக்கு எழுது."

"சயாமுக்கு எந்தத் தபால் போகுது?"

"போகாது."

"அப்புறம் எதுக்குடி? எழுதினா அரிசி வருமா?"

"வராது. உள்ள போட்டு அடச்சு வச்சிருக்கியே, அது கொஞ்சம் வெளிய வரும். எங்க வீட்டுக்காரரு செத்தப்ப நான் ஆண்டவருக்கே நாலு பக்கம் திட்டி எழுதினேன் லா. அவரு ஒண்ணும் கோவிச்சுக்கல."

உன் தொல்லை தாங்காமல் ஒரு தாளை எடுத்தேன். மூடிப்போன எஸ்டேட் ஆபீசிலிருந்து பொட்டலம் கட்டுவதற்காக நான் வாங்கி வைத்திருந்த செக்ரோல் தாள்கள் அவை. முன்பக்கம் வேலையாட்களின் பெயர்கள், பின்பக்கம் வெறுமை. 'அன்புள்ள முத்து, இங்கு நலம். மழை அதிகம்' என்று எழுதிக் கொடுத்தேன். நீ படித்துவிட்டுத் தாளை என் மடியிலேயே போட்டாய்.

"இது என்ன, கவர்மெண்டு நோட்டீஸா? ஏண்டி, வெத்தலை விக்கிறப்ப நல்லத மேல அடுக்கி அழுகல அடியில தள்ளுவியே, தாள்லயும் அந்த வியாபாரமா? இதுல அழுகல மேல போடு."

அன்று கடை கட்டுவதற்குள் ஒரு வரி எழுதினேன். 'முத்து, நான்தான் உன்னைப் போகச் சொன்னேன்.' அதற்குப் பிறகு பென்சில் நிற்கவில்லை. மூக்கு ஒழுகியது, தாள் நனைந்தது. மறுநாள் கஞ்சி நாலு வாய் கூடுதலாக இறங்கியது. அவ்வளவுதான், அற்புதம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் தினமும் எழுதினேன்.

எழுதியதைப் பொட்டலத் தாள்களுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். ஜப்பான் சிப்பாய் வந்தால் குப்பையைக் கிளற மாட்டான் என்பது என் புத்திசாலித்தனம். ஒருநாள் பாசாரில் சரியான கூட்டம். கைக்கு வந்த தாளில் எல்லாம் சோப்பைச் சுற்றிக் கொடுத்தேன். கூட்டம் கலைந்தபிறகு பார்த்தால் அந்த முதல் கடிதத்தைக் காணோம். "அலமாக்!" என்று நீ தலையில் கை வைத்தாய். தன் பாவத்தைத் தானே சோப்பில் சுற்றி விற்றவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஜப்பான்காரனிடம் காட்டிக்கொடுப்பவன் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்ற பயம் ஒருபக்கம். அதைவிட, ஊருக்கே தெரிந்துவிடுமே என்ற கூச்சம் என்னைத் தின்றது.

அடுத்த வாரம், அன்று சோப்பு வாங்கிப்போன அஞ்சலை ஆற்றோர எஸ்டேட்டிலிருந்து வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தத் தாளை எடுத்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. எஸ்டேட்டுல கணக்கு எழுதுற கிராணி வீட்டம்மா படிச்சுச் சொன்னாங்க. இத எழுதினது யாரு?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். உன் மெஷின் சத்தம் நின்றது. நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"நான்தான்" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அஞ்சலை அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "நானும்தாம்மா அனுப்புனேன். வீட்ல ஒரே சண்டை. போய்த் தொலையான்னு சொன்னேன். அந்த மனுசன் நெசமாவே போயிட்டாரு. எனக்கும் ஒண்ணு எழுதித் தாங்கம்மா."

நீ கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாய். "பாத்தியா தவுக்கேம்மா, உன் சோப்ப விட உன் தாளுக்குத்தான் கிராக்கி."

அதன்பிறகு பாசார் கலைந்ததும் பெண்கள் வரத் தொடங்கினார்கள். தாள் என்னுடையது, கையெழுத்து உன்னுடையது. அவர்கள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நீ அழகுபடுத்தவில்லை. ஒருத்தி கணவனைத் திட்டினாள், ஒருத்தி கோழி முட்டையிட்டதைச் சொன்னாள். எந்தக் கடிதமும் எங்கும் போகவில்லை. எல்லாம் பிஸ்கட் டின்னில் சேர்ந்தன. ஆனால் வந்தவர்கள் போகும்போது கொஞ்சம் நிமிர்ந்து நடந்ததை நான் பார்த்தேன். நான் கண்ணால் பார்க்காததை நம்புகிற ஆள் இல்லை.

யுத்தம் முடிந்தபிறகு அஞ்சலையின் கணவர் காலில் ஆறாத புண்ணோடு வந்து சேர்ந்தார். அவள் கேட்டுக்கொண்டபடி அத்தனை கடிதத்தையும் நீ அவருக்குப் படித்துக் காட்டினாய். "இவ்ளோ திட்டு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா அங்கேயே இருந்திருப்பேன்" என்றார். பிறகு மெதுவாக, "அவ எழுதச் சொன்ன அந்த மொத தாள இன்னொருவாட்டி படிங்கம்மா" என்றார்.

முத்து வரவில்லை. அந்தச் செய்தி வந்த அன்று நான் விழுந்துவிடுவேன் என்று நினைத்து நீ என் தோளைப் பிடித்துக்கொண்டாய். நான் விழவில்லை. அவனிடம் சொல்ல வேண்டியதை அதற்குள் நூறு தடவை சொல்லி முடித்திருந்தேன். அழுதேன்; அழுதுவிட்டு மறுவாரம் தராசைப் பிடித்தேன். கை ஆடாமல் நின்றது.

இன்றும் காலையில் கடைப் பலகையைத் திறப்பதற்கு முன்னால் ஒரு பக்கம் எழுதுகிறேன். அழுகல் மேலே. உன் அடக்கத்துக்கு வராததை மட்டும் ஒரு மாதமாக அடியில் தள்ளிக்கொண்டிருந்தேன். இன்று அதையும் மேலே எடுத்துப் போட்டுவிட்டேன். ஒரு மாதத்துக்குப் பிறகு மத்தியானம் பசிக்கிறது.

நாளை உன் மகளிடம் உண்மையைச் சொல்லி, அவளையும் கூட்டிக்கொண்டு கல்லறைக்கு வருகிறேன். கடையில் இருப்பதிலேயே நல்ல சோப்பு, தும்மல் வராத சோப்பு, ஒன்று கொண்டுவருவேன். அதை இந்தத் தாளில்தான் சுற்றப்போகிறேன். இந்தத் தடவை தெரிந்தே.