பிரஷ் பூ வளரும் இடம்

மார்ச் 3, ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது. காலையில் துவைத்த ஜன்னல் துணியில் மறுபடி கரித்தூள். என்னைப் பெண் பார்க்க ர.வும் அவர் அக்காவும் வந்தார்கள். திருவதிகைக்காரர்கள். ர.வுக்கும் அப்பாவைப் போல இங்கே மைன்ஸில் வேலை. ஆஸ்திரேலியாவில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் ஆறு மாதப் பயிற்சி முடித்து வந்தவராம். அப்பா மயங்கியது அதில்தான். எல்லோரும் பேச்சற்று உட்கார்ந்திருந்தபோது ர. எங்கள் வாசலில் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரிப் பூக்கும் பாட்டில் பிரஷ் செடியைக் காட்டி, "இந்தச் செவப்புப் பூ அங்க வறண்ட பூமியில காடா கெடக்கும்" என்றார்.

அடுத்த ஞாயிறு பதில் சொல்ல வேண்டும்.

மார்ச் 5, செவ்வாய்

நூலகம். தடித்த தாவரப் புத்தகம். கொய்யா, நாவல் இவற்றின் குடும்பமாம் நம் செடி. வந்ததும் இலையைக் கசக்கிப் பார்த்தேன். தைல வாசனை. சொந்த நாடான ஆஸ்திரேலியாவில் வளரும் இடம்: ஓடைக்கரை, சதுப்பு. இரண்டு முறை படித்தேன். வறண்ட பூமி எங்கேயும் இல்லை.

ர. அங்கே போனாரா?

மார்ச் 7, வியாழன்

வடலூர் பஸ்ஸில் எதிர் குவார்ட்டர்ஸ் ஜமீலாக்கா. நான் கேட்காமலே: "கல்கத்தா போய்ட்டு வந்து சீமைக்குப் போனேன்னு சொல்லிகினு திரியறான் ஒருத்தன். நல்லா விசாரிங்கம்மா."

சந்தேகங்கள்:
போட்டோ ஒன்றும் காட்டவில்லை.
அக்காதான் அதிகம் பேசினாள்.
செடி.

அம்மாவிடம் சொன்னேன். "செடியை வச்சா மாப்பிள்ளையைத் தள்ளுவே?"

மார்ச் 9, சனி

புழுக்கம். செடிக்கு இரண்டு வாளி தண்ணீர். பாவம், சதுப்பில் பிறந்தது. இதில் பொய் சொன்னவர் எதில் சொல்லமாட்டார்? வேண்டாம் என்றே சொல்வதாக முடிவு.

மார்ச் 10, ஞாயிறு

வந்துவிட்டார்கள். அப்பா முதல் ஷிப்ட், வர இரண்டரை ஆகும். அக்கா உள்ளே அம்மாவோடு. வாசலில் ர. தனியாக. காப்பியைக் கொடுத்துக் கேட்டேவிட்டேன், இது அங்கே எங்கே வளரும் என்று.

"தெரியாதுங்க." டம்ளரையே பார்த்தார். "இருட்டோட மைன்ஸுக்குப் போவேன், இருட்டினப்பறம் ரூமுக்கு வருவேன். ஞாயித்துக்கிழமை துணி தோய்ப்பேன், தூங்குவேன். இந்தப் பூவை அங்க காலண்டர்லதான் பார்த்தேன். அன்னைக்கு யாரும் பேசலை. எதாவது சொல்லணுமேன்னு சொல்லிட்டேன்."

இதுவும் ஜோடித்ததோ? ஆறு மாதம் இருந்த ஊரில் ஒரு செடியைக் கூடவா பார்க்காமல் இருப்பார் ஒரு மனிதர்?

அப்பா வந்தார். கேட் அருகிலேயே நிறுத்தி, வாசலில் சிவப்பாகப் பூக்கிறதே, அது என்ன செடி என்றேன். ஏழு வருஷமாக அதை உரசிக்கொண்டுதான் ஷிப்டுக்குப் போகிறார். சட்டைத் தோளில் அதன் சிவப்பு இழை ஒட்டியிருந்தது.

"எந்தச் செடி?" என்றார்.

உள்ளே போய் அம்மாவிடம் சரி என்று சொன்னேன்.