கருப்பாயி சீவிய பப்பாளி

தெப்ராவ், ஜொகூர்
12-9-1934

என் மரகதத்துக்கு,

நான் சுகம். நீயும் அம்மாவும் சுகம்தானா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

சங்கதி கேள்! பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பிள்ளைகளோடு காய்கறி போட்டுப் பாடம் நடத்துகிறேன் அல்லவா, எங்கள் பப்பாளி காய்த்துவிட்டது! நேற்றுப் போய்ப் பார்த்தால், ஐந்தாம் வகுப்புக் கருப்பாயி அதன் பட்டையைச் சாய்வாகச் சீவி, கீழே கொட்டாங்குச்சி கட்டியிருக்கிறாள். அவள் அப்பன் ரப்பர் மரத்தில் செய்வது போலவே! "பால் வர்ற மரத்தச் சும்மா விடலாமா வாத்தியாரே?" என்கிறாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே காயத்தில் சாணி அப்பினோம்.

அந்நேரம் எஸ்டேட் துரை வந்துவிட்டார். "நல்லா சீவியிருக்கா. தீவாளிக்கப்புறம் வேலைக்கு அனுப்பு," என்றார். எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, "இன்னும் விதைப்பாடம் பாக்கி இருக்குங்க துரை, இவ இல்லாம ஆகாது," என்றேன்! முறைத்துவிட்டுப் போனார். என் வேலைக்கு ஒன்றும் வராது, பயப்படாதே.

ஆகவே விதை உடனே வேண்டும். அவரை, புடலை, எதுவானாலும் சரி. காகிதத்தில் மடிக்காதே, நீ உடுத்திய சேலைத் துணியில் முடிந்து அனுப்பு.

தபால் பை கிளம்புகிறது. விதை தீர்ந்தாலும் துணியைத் திருப்பிக் கேட்காதே.

உன்,
வேலாயுதம்