நைனாவுக்குப் படைத்த விஸ்கி

மேனாம்பேடு,
அம்பத்தூர்.
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தம்பி தினகரனுக்கு,

அக்கா தாட்சாயிணி எழுதுகிறேன். இங்கே அம்மா, உன் மாமா, நான் மூன்று பேரும் சுகம். குவைத்தில் நீ சுகமா என்பதை ஐயப்பன்தாங்கல் சுலோசனா சித்தியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கூடப் பிறந்தவளுக்கு இதைவிட வயிற்றெரிச்சல் வேறு என்ன? போன் செய்தால் கட் பண்ணுகிறாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறாய். கடிதம் என்றால் கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுப்பாய், நாலு வரி கண்ணில் படும் என்றுதான் தபாலில் அனுப்புகிறேன்.

அடுத்த மாதம் லீவில் வருகிறாயாம். சித்தி வீட்டில்தான் தங்குவாயாம். அம்மாவையும் என்னிடமிருந்து அங்கே கூட்டிக்கொண்டு போய்விடுவாயாம். "அந்த பாட்டிலுங்க கீற ஊட்டுல நான் கால் வெக்க மாட்டேன்" என்று நீ சொன்னதைச் சித்தி ஓர் எழுத்து விடாமல் ஒப்பித்தாள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டில்களை நான் தூக்கிப் போடப் போவதில்லை. உன்னை இந்த வீட்டுக்கு வரவழைக்காமலும் விடப் போவதில்லை. கோபப்படாமல் கடைசி வரை படி.

எசென்ஸ் கம்பெனியில் நான் செய்கிற வேலையை "மோப்ப வேலை" என்று நீயே கிண்டல் செய்வாய். பிஸ்கட்டுக்குப் போகிற ஏலக்காய் வாசனை சரியாக இருக்கிறதா, கூல்டிரிங்ஸுக்குப் போகிற மாம்பழம் அதிகமா என்று நாள் முழுக்க முகர்ந்து பார்ப்பதுதானே என் பிழைப்பு. போன வருஷம் பெங்களூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பெயர் ஒட்டாத கிண்ணங்களை வரிசையாக வைத்து, என்னென்ன வாசனை தெரிகிறது என்று கேட்டார்கள். ஒன்றில் எனக்குப் பூவன் பழம், கிராம்பு, மழையில் நனைந்த மரப்பலகை எல்லாம் அடுத்தடுத்து வந்தன. அது விஸ்கி என்று பிறகு சொன்னபோது கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டேன். நம் வீட்டில் பிறந்தவள் வேறு என்ன செய்வாள்? ஆனாலும் ரயிலில் திரும்பி வரும் வழி முழுக்க அந்தப் பூவன் பழத்தைப் பற்றியேதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அப்படி ஆரம்பித்ததுதான். உன் மாமா வரதனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பெரிய மால் ஒன்றில் இருக்கிற கடைக்குப் போனேன். கேள்வி கேட்டதெல்லாம் நான், கடைக்காரர் பாட்டிலைக் காட்டியதெல்லாம் அவருக்கு. பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதையும் குடிக்காத மனிதர், "சார், நான் பை தூக்கத்தான் வந்துகீறேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்து நின்றார். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்து ஏழு ஆகிவிட்டது. பீப்பாயில் கிடந்த வயது கூடினால்தான் உசத்தி என்று முதலில் நினைத்தேன், அது தப்பு என்று தெரிந்துகொண்டேன். ஃபிரிட்ஜில் வைத்தால் வாசனை படுத்துவிடும் என்று தெரிந்துகொண்டேன். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஸ்பூன், அதில் நாலு சொட்டுத் தண்ணீர். முகர்வதற்கு அரை மணி, நாக்கில் வைப்பதற்கு அரை நிமிடம். அதற்கு மேல் ஒரு நாளும் போனதில்லை.

பெரிய தப்பு ஒன்று செய்தேன், அதில்தான் மாட்டிக்கொண்டேன். யார் கண்ணிலும் படக்கூடாது என்று பாட்டில்களைப் பீரோவில் பட்டுப்புடவை மடிப்புகளுக்கு நடுவே படுக்க வைத்தேன். ஒயினைத்தான் படுக்க வைக்கலாமாம், விஸ்கியை நிற்கத்தான் வைக்க வேண்டுமாம். படுக்க வைத்தால் அது தக்கையை அரித்துவிடும் என்று யார் கண்டது? ஒன்று கசிந்து அரக்குப் பட்டில் ஊறியிருக்கிறது. அந்தப் புடவையைத்தான் சித்தி பூந்தமல்லிக் கல்யாணத்துக்கு இரவல் கேட்டாள். அவசரத்தில் நானும் அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டேன். மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே அவள் உட்கார்ந்ததும் சுற்றிலும் வாசனை எழும்பியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தது பக்கத்தில் இருந்த அவள் புருஷன் சின்னப்பையன் சித்தப்பாவை. பாவம், அன்றைக்கென்று அவர் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. "சத்தியமா இல்லமே" என்று பந்தி முடிகிற வரை கும்பிட்டுக்கொண்டே இருந்தாராம். சித்தி நேரே இங்கே வந்து பீரோவைத் திறந்து போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினாள். மீதி உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

போன வெள்ளிக்கிழமை நைனாவின் வருஷப் படையல். வருஷா வருஷம் சித்தப்பாதான் ஒரு குவார்ட்டர் வாங்கி வருவார். செத்தவருக்குப் பிடித்ததை வைக்காவிட்டால் வாசலோடு திரும்பிப் போய்விடுவார் என்று அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே அதை இலை ஓரத்தில் வைப்பாள். "இத்தான் அந்த மன்சன கொன்னுது, அதியே வெக்க சொல்றீங்கோ" என்பது அவள் வருஷா வருஷம் சொல்கிற மந்திரம். இந்த முறை புடவைச் சண்டையில் சித்தி யாரையும் அனுப்பவில்லை. நானும் உன் மாமாவும் இலை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் அம்மா பீரோவைத் திறந்து, இருப்பதிலேயே அழகான டப்பாவாகப் பார்த்து எடுத்து, மூடியின் முத்திரையை உடைத்து, நைனாவின் எவர்சில்வர் டம்ளர் நிறைய ஊற்றி வைத்துவிட்டாள். கூட வேலை செய்கிற தேவிப்பிரியா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பாட்டில் அது. நான் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை. டம்ளரை எடுக்கக் கை நீட்டினேன். அம்மாவோ, "ஒரு வாட்டியாச்சும் நல்லதா குடிக்கட்டுமே" என்றாள். என்னவென்று சண்டை போட?

கருவாட்டுக் குழம்பு, வடை, பீடிக்கட்டு, புது வேட்டி எல்லாம் வைத்துக் கற்பூரம் காட்டினோம். பிறகு, அவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு மூன்று பேரும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். நேரம் ஆனதும் அம்மா எப்போதும்போலக் கையைத் தட்டிவிட்டுக் கதவைத் திறந்தாள். திறந்தவள் உள்ளே போகவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

அறை முழுக்க ஒரு வாசனை. கரிப்புகை, இயந்திர எண்ணெய், காயத்துக்குப் போடுகிற டிஞ்சர், காய்ந்த உப்பு. அந்த விஸ்கி கடலோரத் தீவு ஒன்றில் செய்தது. தானியத்தை அங்கே ஒருவகைக் கரிமண் புகையில் உலர்த்துவார்கள், அதனால் வருகிற வாசனை என்று என் வேலைப் புத்தி சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் என் உடம்பு சொன்னது வேறு. அம்மாதான் வாய்விட்டுச் சொன்னாள். "இது சரக்கு வாட இல்லடி. உங்க நைனா பாடி பட்டறயிலர்ந்து வேல முடிஞ்சி வந்து சட்டய கயட்டிப் போடுவாரே, அந்த வாட. வந்துகீறாருடி."

சொல்லிவிட்டு நைனா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். அவரைத் திட்டாமல் அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. டம்ளரை யார் கையிலும் கொடுக்கவில்லை. தட்டு போட்டு மூடிப் படத்தடியிலேயே வைத்திருக்கிறாள். காலையில் எழுந்ததும் தட்டை லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் காபி போடப் போகிறாள்.

தினகரா, பாடியில் நைனா வேலை செய்த வார்ப்புப் பட்டறையை மூடும்போது உனக்கு நடை பழகும் வயது. அதற்குப் பிறகுதான் அவர் குடித்தே அழிந்தார். உனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நைனாதான். கடை வாசலில் விழுந்து கிடந்தவரைச் சின்னக் கையால் இழுத்துக்கொண்டு வந்தவன் நீ. பாட்டில் என்றாலே உனக்குக் குலை நடுங்குவதில் தப்பே இல்லை. கடையே இல்லாத நாடாகப் பார்த்துத்தான் வேலைக்குப் போனாய் என்பதும் எனக்குத் தெரியும். எனக்கும் பயம் இருக்கிறதடா. ஆனால் ஒன்று யோசித்துப் பார். நைனா ஒரு நாளாவது குடிப்பதை முகர்ந்து பார்த்திருக்கிறாரா? மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கஷாயம் மாதிரித்தானே உள்ளே தள்ளினார். அவருக்கு வேண்டியது மறதி. எனக்கு வேண்டியது வாசனை. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், அம்மாவை நம்பு. பீரோ சாவி இப்போது அவள் இடுப்பில் இருக்கிறது. நானேதான் கொடுத்தேன். சனிக்கிழமை அவள் எடுத்துக் கொடுத்தால்தான் எனக்கு ஒரு ஸ்பூன். போதும் என்று அவள் என்றைக்குச் சொல்கிறாளோ அன்றைக்கு எல்லாவற்றையும் என் கையாலேயே சாக்கடையில் ஊற்றிவிடுகிறேன், இது சத்தியம். அதுவரை யார் சொன்னாலும் விடமாட்டேன். நேற்று வெங்காயம் உரித்துக்கொண்டே மற்றொரு பாட்டிலை அம்மா தூர வைத்து முகர்ந்துவிட்டு, "இதுல பாயசத்துக்கு வறுத்த திராட்ச வாசன கீது" என்றாள். எனக்கும் அதுதான் தோன்றியிருந்தது. உன் மாமா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஐயப்பன்தாங்கலுக்கு அம்மா வரமாட்டாளாம், உன்னிடம் சொல்லச் சொன்னாள். சித்திக்குப் புதுப்பட்டு எடுத்து வைத்திருக்கிறேன், அந்தச் சமாதானத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ விமானத்திலிருந்து இறங்கியதும் நேரே இங்கே வா. குடிக்கச் சொல்லவில்லை. தொடவே மாட்டேன் என்று நீ எடுத்த சபதம் உன்னோடு நிலைக்கட்டும், அதில் எனக்குப் பெருமைதான். வந்து அம்மா பக்கத்தில் உட்கார். அவள் மூடியைத் திறப்பாள், நீ ஒரே ஒரு மூச்சு இழுத்துப் பார். நைனா என்று உனக்குத் தெரிந்தவர் வேறு. வேலை முடிந்து வந்து, கை கால் கழுவுவதற்கு முன்பே உன்னைத் தொட்டிலிலிருந்து தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்த ஒருவர் இருந்தார். அவர் சட்டையில் முகத்தைப் புதைத்துத்தான் நீ தூங்குவாய். உனக்கு ஞாபகம் இருக்காது, ஆனால் உன் மூக்குக்கு இருக்கும் என்று எனக்குத் திடமான நம்பிக்கை.

நீ எந்த ஊரில் இருந்தாலும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கு வைக்கிறாள். திறந்த பாட்டிலில் வாசனை நாளாக நாளாகக் குறைந்துகொண்டே போகும். டம்ளரில் ஒரு விரற்கடை இப்போதே வற்றிவிட்டது. அவர் முழுசாகப் போவதற்குள் வந்துவிடு, தம்பி.

உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
தாட்சாயிணி