சுவரோரத்து அந்நியன்

அல் ஐன்,
ஜனவரி, வியாழக்கிழமை மாலை

அன்பு மகள் நஹ்லாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன்மேல் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். கார்க் நகரத்து மழையில் நனையாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நீ சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஐந்து வேளைத் தொழுகையிலும் முதல் வேண்டுதல். இங்கே நாங்களும் சுகம் என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போக இந்த முறை கை வரவில்லை. நான் சுகம். அப்பாவைப் பற்றி ஒரு சேதி இருக்கிறது, இந்தக் கடிதமே அதற்காகத்தான். பயந்துபோய்க் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, அவர் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார், இப்போதுகூட முற்றத்தில் வானொலியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். வரிசையாகப் படி. உன் தோழி அமானியின் அம்மா திங்கட்கிழமை உங்கள் பக்கம் புறப்படுகிறாள், இதை அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன், கூடவே வெயிலில் காயவைத்துப் பொடித்த வெண்டைக்காயும் வறுத்த வேர்க்கடலையும் வரும். வெண்டைக்காய்ப் பொடியைக் குழம்பில் கொஞ்சமாகப் போடு, போன முறை பசை மாதிரி ஆகிவிட்டது என்று நீதானே சொன்னாய். உன் சித்தி கெய்ரோவில் வீடு மாறிவிட்டாள், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஆனால் நைல் தெரிகிறது என்று அதற்கே பூரித்துப்போயிருக்கிறாள்.

பள்ளிக்கூட வேலையை விட்ட பிறகு நான் என்ன செய்கிறேன் என்று கேட்டாயே, மணலைப் பார்க்கிறேன். சிரிக்காதே. நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் இந்தக் குளிர்காலம் முழுக்கப் பனி நன்றாக விழுகிறது. பனி விழுந்த காலையில் மணல் ஈரமாவு போல இறுகிக்கிடக்கும், எது நடந்து போனாலும் வரி பிசகாமல் பதிந்துவிடும், வெயில் ஏறினால் எல்லாம் உதிர்ந்துபோகும். அதற்குள் போய்ப் பார்த்துவிட வேண்டும். மைனா நம்மைப் போல ஒரு காலுக்கு அடுத்து ஒரு கால் வைத்து நடக்கிறது, சிட்டுக்குருவிக்கு அது தெரியாது, இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்கத்தான் தெரியும். புறா விரல்களை உள்பக்கம் திருப்பி வைக்கிறது. பல்லி போன இடத்தில் வாலுக்கு ஒரு கோடு. ஒரு நாள் பிஸ்கட் தூளைப் போட்டுவிட்டு, யார் முதலில் வந்தது என்று மறுநாள் தடத்தை வைத்துக் கண்டுபிடிக்க உட்கார்ந்திருந்தேன். ஷம்ஸா மதில் பக்கம் வந்து, பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களை மேய்ச்சு முடிச்சாச்சு, இப்ப மைனாவை மேய்க்க ஆரம்பிச்சிட்டியா நஹ்லாம்மா என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளும் குனிந்து பார்த்தாள், அதுதான் வேடிக்கை.

ஷம்ஸாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவள் வீட்டு மதிலுக்குள்தானே பின்கட்டில் குடியிருந்து நீ வளர்ந்தாய். பதினொன்றாம் வகுப்பில் எங்களுக்குத் தெரியாமல் பின்வாசல் வழியாகத் தோழி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்தாயே, மறுநாள் அவள் என்னிடம், உன் மகளுக்கு இடது செருப்பு பிஞ்சிருக்கு, புதுசு வாங்கிக் கொடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். இந்தத் தெருக்காரர்களுக்கு முகத்தைவிடக் கால்தான் ஞாபகம். காலையில் கதவைத் திறந்ததும் வாசல் மணலைத்தான் பார்க்கிறார்கள், யார் வந்தது, யார் போனது, யார் வீட்டுப் பூனை யார் வீட்டுக் குப்பைக்கு வந்தது என்று காப்பி குடிக்கும்போதே தீர்ப்பு முடிந்துவிடும். அப்பாவின் தடம் எல்லோருக்கும் பாடம். நீள நீளமான எட்டு, குதிகால் ஆழமாகப் பதியும். உங்க வீட்டு ஒட்டகம் இன்னைக்குத் தொழுகைக்கு லேட்டு, எட்டு இன்னும் பெருசா இருக்கு என்பாள் ஷம்ஸா. ஒட்டக வைத்தியரை ஒட்டகம் என்று சொல்ல அவளால்தான் முடியும், அவரும் அவளிடம் மட்டும்தான் கோபித்துக்கொள்ள மாட்டார்.

போன மாதம் ஒரு நாள் காலையில் ஷம்ஸா என்னை அவசரமாகக் கூப்பிட்டாள். பின்பக்க மதிலை ஒட்டி ஒரு புதுத் தடம். அலை அலையாகக் கோடு போட்ட அடிப்பாகம், அந்த மாதிரிச் செருப்பு எங்கள் தெருவில் யாரிடமும் இல்லை. சின்னச் சின்ன எட்டு. வலது கால் மண்ணை விட்டு எழும்பவேயில்லை, பெருவிரல் பக்கம் ஒரு கோடு இழுத்துக்கொண்டே போயிருந்தது. வண்டி நிறுத்தும் கல்தரையில் தொடங்கி, மதில் ஓரமாகவே வந்து, ஷம்ஸாவின் மகள் அறை ஜன்னலுக்குக் கீழே நின்றிருக்கிறது. சும்மா நிற்கவில்லை, தடத்தின்மேல் தடமாக வெகுநேரம் நின்றிருக்கிறது. பிறகு பள்ளிவாசல் தெருவின் கல்தரையில் ஏறி மறைந்துவிட்டது. மறுநாளும் அதே தடம், அதே இடத்தில். எனக்கு முதலில் பயத்தைவிட ஆவல்தான் அதிகமாக இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன். யாராக இருக்கும், ஏன் அங்கேயே நிற்கிறான், மைனாவையெல்லாம் மறந்துவிட்டு இவன் பின்னாலேயே அலைந்தேன். அப்பாவிடம், விடியற்காலையில் தொழுகைக்குப் போகும்போது வீட்டுப் பக்கம் யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். ஒருவரையும் பார்க்கவில்லையே என்றார். அவர் உண்மையைத்தான் சொன்னார் நஹ்லா.

ஷம்ஸாவின் மூத்த மகன் ஹுமைதுக்கு இரத்தம் கொதித்துவிட்டது, தங்கை அறை ஜன்னல் அல்லவா. தினமும் வந்து தடத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டான், போலீஸில் காட்டுவதற்கு. பக்கத்துத் தெருவில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குக் காவலாளியாக இருக்கிறானே ஸர்வர், பெஷாவர்காரன், அவனுக்கு ஒரு கால் கொஞ்சம் நொண்டும். அவனாகத்தான் இருக்கும், நாளைக்கே போலீஸில் சொல்லப்போகிறேன் என்று ஹுமைத் முடிவு கட்டிவிட்டான். வெளிநாட்டிலிருந்து வந்து பிழைப்பவன்மேல் ஒரு புகார் விழுந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா. உன் அப்பாவிடம் சொன்னேன். ஸர்வருக்கு இடது கால்தானே நொண்டும், நான் வந்து பார்க்கிறேன் என்று அப்போதே எழுந்தார். எத்தனை வருஷம் ஒட்டகத்தின் காலைப் பார்த்தே எது சரியாக நடக்கும், எது நடக்காது என்று தூரத்திலிருந்தே சொன்ன மனிதர், அவருக்கு இதெல்லாம் அல்வா சாப்பிடுவது மாதிரி.

பின்பக்கம் போனோம், நான், ஷம்ஸா, ஹுமைத், அப்பா. பனி காயாத மணலில் அன்றைய தடம் அப்படியே இருந்தது. அப்பா மதிலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தி உட்கார்ந்தார், பழைய மிடுக்கு முகத்தில் வந்துவிட்டது. இது ஸர்வர் இல்லை, இது வலது கால், இவனுக்கு வயதாகிவிட்டது, இவன் திருடனும் இல்லை, ஓடச் சொன்னால் விழுந்துவிடுவான் பாவம், இங்கே வேவு பார்க்க நிற்கவில்லை, இதற்குமேல் நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான், இவனை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஹுமைத் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் அப்பா மணலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பார்த்துவிட்டு எங்களைக் கேட்டார்.

“ரோட்டுப் பக்கம் படி ஏறி இறங்க முடியலைன்னு நானும் கொஞ்ச நாளா இந்த வழியாத்தான் போறேன். என் தடம் எங்க?”

நான் அவர் காலைப் பார்த்தேன். செருப்பு நழுவி நழுவிப் போகிறது என்று, நீ அனுப்பிய அந்தச் சாம்பல் நிறக் காலணியைத்தான் இப்போதெல்லாம் போட்டுக்கொண்டு போகிறார். அதன் அடியை நான் ஒரு நாளாவது திருப்பிப் பார்த்திருப்பேனா. அவரும் பார்த்தார். எழுந்து, மதிலில் கையை ஊன்றி, வலது காலைத் தூக்கித் திருப்பினார், அலை அலையாகக் கோடு. தன் கால் இன்னும் பழையபடி நீள எட்டு வைக்கிறது என்றுதான் அந்த மனிதர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டுக்குள் வழவழத் தரையில், இந்தச் சுவரிலிருந்து அந்தக் கதவுக்கு நாலு எட்டில், எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஹுமைதுக்கு மட்டும் இன்னும் புரியவில்லை, என்ன, என்ன என்று கேட்டான். ஷம்ஸா அவனிடம், “போலீஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இது நம்ம வீட்டு ஆளு” என்றாள். சொல்லிவிட்டு அப்பா பக்கம் திரும்பி, சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுக்குப் பதிலா கதவைத் தட்டியிருந்தா ஒரு நாற்காலி போட்டிருப்பேனே டாக்டர் என்றாள். அப்பா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் காலை அந்த ஜன்னலுக்குக் கீழே ஒரு நாற்காலி கிடந்தது, வெயிலில் வெளுக்காத நல்ல நாற்காலி, அவர்கள் வரவேற்பறையிலிருந்து எடுத்தது.

வீட்டுக்கு வந்து தேநீர் போட்டேன். இரண்டு பேரும் அதை ஆறவிட்டோம். பிறகு அவராகவே, ஒரு ஒட்டகம் இப்படி நடந்தால் அதன் சொந்தக்காரனிடம் என்ன சொல்வேன் தெரியுமா, பந்தயத்துக்கு விடாதே, ஆனால் கட்டியும் போடாதே, தினமும் நடத்து என்று சொல்வேன் என்றார். அடுத்த வாரம் நரம்பு மருத்துவரிடம் போனோம். அங்கே நடந்து காட்டச் சொன்னதும் பட்டாளத்துக்காரர் மாதிரி விறைப்பாக நடந்து காட்டினார், எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஹுமைத் போலீஸுக்கென்று எடுத்து வைத்திருந்த படங்களை என் போனில் வாங்கி வைத்திருந்தேன், அதை எடுத்து நீட்டினேன். மருத்துவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, இதை யார் எடுத்தது, இவ்வளவு தெளிவாக யாரும் கொண்டுவந்து காட்டியதில்லை என்றார். பார்க்கின்சன் என்றார். முற்றாகக் குணமாகிற நோய் இல்லை, ஆனால் மெல்ல மெல்லத்தான் கூடும், மாத்திரையும் நடையும் இருந்தால் நல்ல வருஷங்கள் இன்னும் இருக்கின்றன என்றார். நான் அந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நாங்கள் சேர்ந்தே நடக்கிறோம், அவர் முன்னால், நான் நாலு எட்டு பின்னால். என் புத்தி உனக்குத் தெரியுமே, துக்கத்திலும் எதையாவது பார்த்துக்கொண்டுதான் இருக்கும். மாத்திரை போடுவதற்கு முன்னால் பெருவிரல் கோடு ஒரே இழுப்பாக இருக்கிறது, மாத்திரை வேலை செய்யத் தொடங்கினால் அறுந்து அறுந்து வருகிறது. நேற்று ஓரிடத்தில் கோடே இல்லாமல் முழுசாக ஏழெட்டு அடி வைத்திருந்தார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். என்ன, கொண்டலாத்திக் குருவி வந்ததா என்று திரும்பிக் கேட்டார். ஆமாம் என்றேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

நஹ்லாவிடம் இப்போது சொல்லாதே, அவள் வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாள் என்பது அப்பாவின் கட்டளை. அவர் கட்டளையை நான் மீறுவது இது முதல் முறையும் இல்லை, ஆகவே அதற்காகக் கலங்காதே. வேலையை விடாதே. ஆனால் கோடைக்கு என்று வைத்திருக்கும் விடுமுறையைக் குளிருக்கு மாற்று. கோடையில் இந்த ஊரில் அவர் எங்கே நடப்பார், நீ எதைப் பார்ப்பாய். இப்போது வந்தால் அவரோடு பள்ளிவாசல்வரை நடக்கலாம்.

இறைவன் உன் கால்களுக்கு வலுவையும் நீ போகும் வழிக்கு வெளிச்சத்தையும் தரட்டும். உன் கையில் பரக்கத்தும் உன் வீட்டில் நிம்மதியும் நிறையட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. எங்களைப் போனில் நீ பார்க்கும்போதெல்லாம் அப்பா சோபாவில் உட்கார்ந்திருப்பார், வருஷக்கணக்காக நீ அவரை இடுப்புக்கு மேலேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாய். இந்த ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, அப்பா, அடுப்படியிலிருந்து எனக்காக ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து குடியுங்கள் என்று ஏதாவது சாக்குச் சொல்லி அவரை எழுப்பு. போனை நான் அசையாமல் பிடித்துக்கொள்கிறேன். அவர் போகும்போது நன்றாகப் பார்த்துக்கொள். அவர் திரும்பி வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொள்.

உன் அன்பு அம்மா,
இக்லாஸ்